மோட்டார் ரூம் கதவில் ஒட்டிய சம்மன்

தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை நான் எறிவதில்லை. பின்பக்கத்தில் அன்று நடந்ததை இரண்டு வரி எழுதி, வருடக் கடைசியில் ரப்பர் பேண்ட் போட்டு அட்டைப் பெட்டியில் வைத்துவிடுவேன். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பலகையும் போல்ட்டும் விற்கும் கடை வைத்திருந்த காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம். மத்தியானத்தில் கடைக்கு ஆள் வரமாட்டார்கள். கையில் ஏதாவது ஒரு சரித்திரப் புத்தகம் இருக்கும். அரசர்கள் எந்த வருடம் எங்கே போனார்கள் என்று அடுத்தவர் எழுதியதைப் படித்துப் படித்து, நாம் எங்கே போனோம் என்று நாமாவது எழுதி வைப்போமே என்று தோன்றிவிட்டது.

இந்தக் கட்டுரை என் மனைவியைப் பற்றியது. அவள் சேலத்தில் ஒரு சட்டக் கல்லூரியில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கற்பித்தவள். எழுதப்போகிறேன் என்றதும் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். தேதி போடக் கூடாது. தேதி போட்டால் எவனாவது கோர்ட்டில் கேஸ் கட்டைத் தேடி எடுத்துவிடுவானாம். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். என்னைத் தேதி இல்லாமல் எழுதச் சொல்வது தவில்காரரைக் கையைக் கட்டிக்கொண்டு வாசிக்கச் சொல்வது மாதிரி. கிழமையும் மாதமும் போட்டுக்கொள்ளலாம் என்று வாதாடி வாங்கியிருக்கிறேன். கோர்ட் இருக்கும் ஊரின் பெயர், ஆள் பெயர் எதுவும் கிடையாது.

நடைமுறைச் சட்டம் என்றால் என்ன என்று கல்யாணமான புதிதில் ஒரு நாள் கேட்டேன். ஆத்தூர்ப் பக்கத்து அரிசி மில் வீட்டுப் பெண். எங்கள் பக்கத்து இழுவை இல்லாமல் பேசுவாள். "யாருக்கு நிலம், யாருக்குப் பணம்னு சொல்ற சட்டம் வேற. அதைக் கேட்டு எப்படிக் கோர்ட்டுக்குப் போகணும், எதிராளிக்கு எப்படிச் சொல்லணும், அவன் எப்ப பதில் தரணும், கடைசியில தீர்ப்பை எப்படி நிறைவேத்தணும்னு சொல்றது இது" என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. லாரி என்ன சரக்கு ஏற்றுகிறது என்பது எங்களுக்கு முக்கியமில்லை. பாடி சரியாக இருக்கிறதா என்பதுதான் எங்கள் தொழில். அவளும் பாடி கட்டுகிறவள். இந்த ஒப்புமை அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த ஜூன் மாதத்தில் ஆசிரியர்கள் பாடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். கொலையும் கொள்ளையும் மூத்தவர்களுக்குப் போனது. அரசியலமைப்பு, மேடையில் நன்றாகப் பேசுகிறவருக்குப் போனது. குடும்பச் சட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி. கடைசியில் மேசை மேல் மீந்து கிடந்தது நடைமுறைச் சட்டம். கடைசியாகச் சேர்ந்தவள் இவள். முதல் வருடம் கட்டாயத்துக்கு எடுத்தாள். இரண்டாம் வருடம் பழக்கத்தில் எடுத்தாள். மூன்றாம் வருடம் அதை வேறு யாருக்காவது கொடுக்கட்டுமா என்று கேட்டபோது, பந்தியில் இலையைப் பிடுங்க வந்தவரைப் பார்ப்பது போலப் பார்த்தாளாம்.

அதிலும் அவளுக்கு உயிர், சம்மன். வழக்குப் போட்டிருக்கிறார்கள், இன்ன தேதிக்கு வா என்று பிரதிவாதிக்குக் கோர்ட் அனுப்பும் அந்த ஒரு தாள். மற்ற ஆசிரியர்கள் அரை வகுப்பில் முடித்துவிடுவதை இவள் வாரக்கணக்கில் நடத்துவாள். ஒரு மாணவனைச் சம்மன் கொண்டுபோகும் அமீனா ஆக்கி, இன்னொருவனைப் பிரதிவாதி ஆக்கி, வகுப்பறைக் கதவை வீட்டுக் கதவாக்கி, நடித்துக் காட்டச் சொல்வாள். ஆள் இல்லையா? மறுபடி வா. மறுபடியும் இல்லையா? வீட்டில் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள்? யாருமே இல்லையா? அப்படியானால் அவன் குடியிருக்கும் வீட்டின் வெளிக்கதவில் ஒட்டு. அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னால் ஒட்டினாய், எழுது. இதில் எது குறைந்தாலும் அவள் கணக்கில் அது சம்மன் இல்லை, வெறும் சுவரொட்டி. "ஒருத்தன் கிட்ட சொல்லாம அவனைப் பத்தித் தீர்ப்பு சொல்லக் கூடாது. இந்தப் புத்தகம் முழுக்க அந்த ஒரு மரியாதைதான்" என்பாள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சம்மன் மேடம்'. அது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வாள். பெயரை யாரும் முறைப்படி அவளிடம் சொல்லவில்லையே.

வீட்டிலும் இதே ஆட்சிதான். குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. "எந்தக் குழம்பு? எந்த வேளை? எப்பவுமேவா, இன்னைக்கு மட்டுமா?" என்று விவரம் கேட்பாள். விவரம் சொல்வதற்குள் சோறு ஆறிவிடும். போன தீபாவளிச் சண்டையை இந்தத் தீபாவளிக்கு எடுத்தால், "அது அப்பவே தீர்ந்துபோனது, மறுபடி எழுப்ப முடியாது" என்பாள். அவள் எழுப்ப நினைத்த சண்டைகளுக்கு மட்டும் புதுக் காரணம் கிடைத்துவிடும்.

இத்தனை நடைமுறை தெரிந்தவள் ஒரு தடவைகூட ஒரு வழக்குக்காகக் கோர்ட் படி ஏறியதில்லை. சம்பளம் வாங்குகிற ஆசிரியர் வக்கீல் தொழிலும் சேர்த்துப் பார்ப்பது சரியில்லை என்று இருந்துவிட்டாள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. "நீச்சல் வாத்தியார் தண்ணியில எறங்குனதே இல்லீங்க" என்று எங்கள் அண்ணன் சொல்லிச் சிரிப்பார். சொந்த அண்ணன் இல்லை, பெரியப்பா மகன். கடைசியில் அவளைத் தண்ணீரில் இறக்கியவரும் அவரேதான்.

நாமக்கல் பக்கம் எனக்குப் பாகத்தில் வந்த நிலம் கொஞ்சம் உண்டு. அதில் ஒரு கிணறு, மோட்டார் ரூம், நான் வைத்து வளர்த்த இரண்டு தென்னை. அவள் ஓய்வு பெறும் சமயத்தில் அங்கே வீடு கட்டினோம். கடன் அவள் சம்பளத்தில் வாங்கியதால் பத்திரமும் அவள் பெயருக்கு மாறியது. வீட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, கிழக்குப் பார்த்து ஒரு புத்தக அறை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாங்கிய புத்தகமெல்லாம் சேலத்து வாடகை வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் பீரோ மேலும் கிடந்தன. மிக்ஸி இருக்க வேண்டிய இடத்தில் தீர்ப்புத் தொகுப்பு இருக்கும். ஒரு அறை நிறைய அலமாரி, ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஓய்வு பெற்றதும் அங்கே உட்கார்ந்து தன் பாடத்துக்குத் தமிழில் ஒரு புத்தகம் எழுத வேண்டும். வெளியூர்ப் பயணம், நகை, பட்டு எதுவும் கேட்காதவள் கேட்டது அந்த அறை.

எங்கள் நிலத்துக்குப் பின்னால் அண்ணனின் முட்டைக்கோழிப் பண்ணை. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு தடம் உண்டு. அதில் டெம்போ போகும். தீவன லாரி போகாது. லாரி ரோட்டிலேயே நின்று, மூட்டைகளைத் தலைச்சுமையாக உள்ளே கொண்டுபோக வேண்டும். புத்தக அறைக்கு அஸ்திவாரம் தோண்டிய சித்திரை மாதத்தில் அண்ணன் வந்தார்.

"அம்மிணி, அந்தச் செவுத்த கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டுனா லாரி வந்துபோகுமுங்க."

"எவ்வளவு தள்ளணும் மாமா? தடம் எவ்வளவு அகலம்னு எதுல இருக்கு? வாய்ப் பேச்சா வேண்டாம். முறைப்படி எழுத்துல கொடுங்க" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தென்னையைப் பார்த்தேன். அவர் போய்விட்டார். எழுத்தில் கொடுத்தார். வக்கீலை வைத்து, முத்திரைக் கட்டணம் கட்டி, முன்சீப் கோர்ட்டில் கொடுத்தார். லாரி போகும் அகலத்துக்குத் தடத்தில் தனக்கு உரிமை உண்டு, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் அறையை இடித்து அகற்ற வேண்டும் என்று வழக்கு. பிரதிவாதி, என் மனைவி.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன் மோட்டார் ரூம் கதவில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். வீட்டுக்கு அப்போது வாசல் நிலை மட்டும்தான் வைத்திருந்தோம். கதவு ஆசாரியிடம் இருந்தது. ஒட்டுவதற்குக் கதவு தேடிய அமீனா, கண்ணில் பட்ட ஒரே கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். சேலத்துக்குப் போன் போட்டேன்.

"உனக்குச் சம்மன் வந்திருக்குது. அண்ணன் கேஸ் போட்டிருக்கார்."

என்ன கேஸ் என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"எந்தக் கதவுல ஒட்டியிருக்கு?" என்றாள்.

"மோட்டார் ரூம் கதவுல."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு வந்த குரலில் இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்திலும் நான் கேட்டதில்லை. "தொடாதீங்க. கிழிக்காதீங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க. நல்லா கிட்டத்துல போய் எடுங்க."

அன்று ராத்திரிச் சாப்பாடு முழுக்க அவள் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாம் குடியிருப்பது சேலத்தில், ஒட்டியது நாமக்கல்லில். வீட்டில் ஒட்டவில்லை, மோட்டார் ரூமில் ஒட்டினார். முதல் தடவை வந்த உடனே ஒட்டிவிட்டார். அடையாளம் காட்டியவர் பெயர் இல்லை. ஒரே சம்மனில் இத்தனை குறை அவள் வேலையில் இருந்த காலமெல்லாம் பார்த்ததில்லையாம். விலை கொடுத்தாலும் இப்படி ஒரு உதாரணம் கிடைக்காதாம்.

"சரி, அடுத்த மாசம் வாய்தா தேதி போட்டிருக்குதே. வக்கீல் யாரைப் பார்க்கறது?"

"எதுக்கு?"

"போக வேண்டாமா?"

"இது சம்மனே இல்லீங்க. நான் போய் நின்னா, இந்தச் சம்மன் சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வாய்தா அன்னைக்குக் கோர்ட்டு அமீனா குடுத்த அறிக்கையைப் பார்க்கும். சரியில்லைன்னு திருப்பி அனுப்பி, புதுசா சம்மன் போடச் சொல்லும். அது வரட்டும், போவோம்."

"பார்க்குமா?"

"பார்க்கணும்னு சட்டத்துல இருக்கு."

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் லாரி ஆபீசிலிருந்து மின்சார ஆபீஸ் வரை எங்கே எந்தத் தாளை எவ்வளவு உற்றுப் பார்ப்பார்கள் என்பது ஓரளவு தெரியும். சொன்னேன். எனக்கு நம்பிக்கை போதாது என்றாள்.

வாய்தா வந்த திங்கட்கிழமை அவள் கல்லூரியில் வழக்கம்போல வகுப்பு எடுத்தாள். எங்கள் பக்கத்து முன்சீப் கோர்ட்டில் சம்மன் ஒட்டப்பட்டது என்று குறித்துக்கொண்டார்கள். வாசலில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அவள் இல்லை. எக்ஸ்பார்ட்டி என்று எழுதினார்கள். அதாவது பிரதிவாதி வராததால் வாதியை மட்டும் கேட்டு வழக்கை நடத்துவது. ஆவணியில் அண்ணன் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கினார். அவரைக் கேள்வி கேட்க ஆள் இல்லை. தடத்தை அளந்து பார்க்க ஒரு கோர்ட் கமிஷனரை அனுப்புங்கள் என்று கேட்கவும் ஆள் இல்லை. அவர் கேட்டபடியே டிக்ரி ஆகிவிட்டது.

செய்தியைக் கொண்டுவந்தவரும் அண்ணன்தான். சேலத்து வீட்டுக்கே வந்தார். கையில் தீர்ப்பின் நகல், ஒரு டஜன் முட்டை.

"ஏனுங்க அம்மிணி, எழுத்துல குடுங்கன்னீங்க. குடுத்துட்டனுங்க. நீங்க வருவீங்க வருவீங்கன்னு நானும் வாசலையே பாத்துட்டிருந்தேன். வரவே இல்லீங்களே. ஒடம்புக்கு எதாச்சுமா?"

அவள் தாளை வாங்கி நின்றுகொண்டே படித்தாள். 'சம்மன் முறையாகச் சார்பு செய்யப்பட்டும்', அதாவது சேர்ப்பிக்கப்பட்டும், என்ற இடத்தில் விரலை வைத்து, அதற்கு மேல் நகர்த்தவில்லை. அண்ணனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது நான். அன்றைய காலண்டர் தாளில் என் கையெழுத்தே கோணலாக இருக்கிறது. அறையை இடித்தாக வேண்டும். அலமாரிக்குத் தேக்குப் பலகையை நானே பழைய சிநேகிதர் பட்டறையில் அறுத்து வாங்கிப் பூட்டி முடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

ஒருதலையாக ஆன டிக்ரியை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம். முப்பது நாள் கெடு. அவள் தேர்ந்தெடுத்த வக்கீல், அவளிடமே படித்த மாணவர். அவள் பாடத்தை மூன்று தடவை எழுதித் தேறியவர். ஏன் இவரை என்று கேட்டேன். "மூணு தடவை படிச்சிருக்காரே" என்றாள். எதிர்த்தரப்பில் அண்ணன் வைத்திருந்ததும் அவளுடைய மாணவிதான். அந்தப் பாடத்தில் கல்லூரியிலேயே முதல் மார்க் வாங்கியவர். இதெல்லாம் சேலம் நாமக்கல் வட்டாரத்தில் அதிசயமில்லை. இங்கே கறுப்பு கோட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் அவள் வகுப்பில் அமீனாவாகவோ பிரதிவாதியாகவோ நடித்தவர்கள்.

எங்கள் வக்கீல் பிரமாண வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். இன்ன தேதியில் நான் ஏன் ஆஜராகவில்லை என்றால், என்ற இடம் வந்ததும் இயல்பாகச் சொன்னார். "கடுமையான காய்ச்சல்னு போட்டுக்கலாங்க மேடம். டாக்டர் சர்டிபிகேட் நான் பாத்துக்கறேன்."

"எனக்குக் காய்ச்சல் இல்லையே."

"யாருக்குமே இருக்காதுங்க மேடம். எல்லாரும் அதான் போடறோம்."

"நான் அன்னைக்குக் காலேஜ்ல வகுப்பு எடுத்தேன்."

"அப்ப மஞ்சக்காமாலையும் சரிவராது. சாயங்காலம் வந்த காய்ச்சல்..."

"சம்மன் சரியில்லைன்னு போடுங்க. அதுதான் உண்மை."

அவர் கை நின்றது. தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அந்த விதியில கீழ ஒரு நிபந்தனை இருக்குங்க. சம்மன்ல குறை இருந்தாலும், பிரதிவாதிக்கு வாய்தா தேதி தெரிஞ்சிருந்து, வர்றதுக்கு நேரமும் இருந்திருந்தா, குறையைக் காட்டி மட்டும் டிக்ரியை ரத்து பண்ணக் கூடாதுன்னு. அதை எழுதாமதான் நான் ரெண்டாவது தடவை பெயிலானேன்."

"தெரியும்" என்றாள் அவள். "நான்தான் போட்டேன் அந்த மார்க்கை."

விசாரணை தை மாதம் ஒரு புதன்கிழமை. பச்சைக் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கல்லூரிக்கு முதல் நாள் போனபோதும் வெள்ளைதான் கட்டினாள் என்று என் தாள் சொல்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறி நின்றபோது கோர்ட் ஹால் நிறைந்துவிட்டது. அன்று வேலை இல்லாத வக்கீல்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். 'சம்மன் மேடம்' பதில் சொல்லப்போகிறார் என்று பார் ரூமில் பேச்சாம்.

எதிர்த்தரப்பு மாணவி எழுந்தார். 

"மேடம்... சாட்சி அவர்களே... சம்மனைப் படம் எடுத்து வகுப்பில் திரையில் காட்டினீர்களா?"

 அவள் அப்படிச் செய்தாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். ஒரு மணி நேரம் அதை வைத்து வகுப்பெடுத்திருக்கிறாள். 'சார்பில் வரக்கூடிய குறைகள்' என்று மேலே தலைப்புப் போட்டு, மோட்டார் ரூம் கதவு. மாணவர்கள் அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி எதிர்த்தரப்புக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் வக்கீல் துள்ளி எழுந்தார். "ஆட்சேபணை! செல்போன் படத்தைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும். தாக்கல் செய்யவில்லை." சரியான ஆட்சேபணை. கூண்டில் நின்றபடியே அவள் தலையை லேசாக ஆட்டியதை நான் பார்த்தேன். மூன்று தடவை படித்தது வீண் போகவில்லை என்ற பெருமை அந்த ஆட்டத்தில் இருந்தது.

"படத்தை விட்டுவிடுகிறேன்" என்றார் மாணவி. "சாட்சியிடமே கேட்டுக்கொள்கிறேன். காட்டினீர்களா?"

"காட்டினேன்."

"அதில் வாய்தா தேதி தெரிந்ததா?"

எங்கள் வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். பசை படிந்து மங்கலாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறை நின்றுவிடும். மங்கலாகத்தான் இருந்ததா என்று யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

"தெரிந்தது. பின்வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று பெரிதாக்கிக் காட்டினேன்."

ஹாலில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "தேதி தெரிந்தும் ஏன் வரவில்லை?"

"வந்தால் அந்தச் சார்பை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் ஐயா. நீதிமன்றமே குறையைக் கவனித்து மறு சம்மன் அனுப்பும் என்று நம்பினேன்."

"அந்த விதியின் நிபந்தனை உங்களுக்கு நினைவில்லையா?"

நினைவிருந்தது. கேட்டுவிட்டாரே என்று வரி பிசகாமல் ஒப்பித்தாள். தன் தலைக்கு மேல் இருந்த கூரையைத் தானே ஓடு ஓடாகப் பிரித்துக் கீழே போட்ட மாதிரி இருந்தது எனக்கு. நீதிபதி எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. மனு தள்ளுபடி.

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் மாணவி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க மேடம்."

"எதுக்கு? கேள்வி நல்லாத்தான் இருந்தது. ஆனா தேதியை முதல்ல கேட்டிருக்கணும். படத்தை எடுத்ததாலதான் ஆட்சேபணை வந்துச்சு."

"சரிங்க மேடம்" என்று அந்தப் பெண் அங்கேயே போனில் குறித்துக்கொண்டார்.

அண்ணன் டீ கிளாசோடு பக்கத்தில் வந்து நின்றார். ஜெயித்த முகம் இல்லை. "ஏனுங்க அம்மிணி, காச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல? காச்சல்னுதான் வரும், டாக்டரைக் கூப்புட்டுக் கேக்கோணும்னு எங்க வக்கீலம்மா ரெடியா இருந்தாங்க."

"காய்ச்சல் இல்லீங்களே மாமா."

"அதுக்குன்னு ஊட்டை இடிச்சுக்குவாங்களா?"

அன்று சாயங்காலம் அவள் புது வீட்டுக்குப் போனாள். அறையில் ஒரு அலமாரியில் மட்டும் புத்தகம் அடுக்கியிருந்தோம். மற்றவை காலி. மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கிணற்றைப் பார்த்தாள். மேல்முறையீடு செய்யலாமே என்றேன். செய்யலாம், ஆனால் உத்தரவு சரி, நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன் என்றாள். நான் நாற்பது தடவை படித்த சரித்திரத்தில் எல்லாம், தோற்ற பிறகு ஜெயித்தவன் வாதத்துக்கு மார்க் போட்ட ராஜா எவனும் இல்லை. அதைச் சொல்லிக் கிண்டல் செய்ய அன்று மனசு வரவில்லை. அடுத்த வாரம் செய்தேன்.

மாசி மாதம் முதல் சனிக்கிழமை அண்ணன் டேப்பும் சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே தீவன லாரி. இடிப்பதற்கு முன்னால் எதுவரை இடிப்பது என்று லாரியையே வைத்துப் பார்த்துவிடலாம் என்று யோசனை. டிரைவர் பின்னால் எடுத்தார், முன்னால் எடுத்தார், இறங்கிப் பார்த்தார், பீடி பற்றவைத்தார். அறைக்குச் சற்று முன்பே தடம் கிணற்றை ஒட்டி வளைகிறது. அந்த வளைவில் லாரியின் மூக்கு அறைப் பக்கம் வந்தால் வால் கிணற்றுச் சுவரில் முட்டியது.

"ரூமை இடிச்சா திரும்பிருமுல்ல?" என்றார் அண்ணன்.

"ரூமை இடிச்சாலும் திரும்பாதுங்க. கெணத்தை நவுத்துனாத்தான் திரும்பும்" என்றார் டிரைவர்.

அண்ணன் சுண்ணாம்புப் பொடி வாளியைக் கீழே வைத்தார். இத்தனை செலவு செய்து, கோர்ட்டு முத்திரையோடு அவர் வாங்கி வைத்திருந்தது லாரி திரும்ப முடியாத ஒரு வழி.

அறையிலிருந்து அவள் இறங்கி வந்தாள். "நான் வந்திருந்தா கமிஷனர் கேட்டிருப்பேன் மாமா. அளந்திருப்பாங்க. முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

"நீங்க வந்திருக்கோணுமுங்க" என்றார் அண்ணன்.

"வந்திருக்கணும்" என்றாள். ஒரு பிழையை அவள் இத்தனை சுருக்கமாக ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. விவரம் கேட்க எனக்கு ஆசைதான். எந்த வேளை, எந்தத் தேதி என்று. அடக்கிக்கொண்டேன்.

டிரைவர் அதற்குள் கிணற்றைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். "இப்படி வந்தா நேரா போயிரலாமுங்க. வளைவே இல்லை. இந்த ரெண்டு தென்னை மட்டும்தான் எடைஞ்சல்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அந்தத் தென்னைகளை நட்ட நாளின் தாள் என்னிடம் இருக்கிறது. முதல் பாளை விட்ட நாளின் தாளும் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்க மாட்டாள். கேட்காமல் அறை ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றாள். நானே தலையை ஆட்டினேன்.

"அப்ப முடிஞ்சுதுங்க" என்றார் அண்ணன். "ரூமு உங்களுக்கு. கெணத்துக்கு அந்தப் பக்கம் வழி எனக்கு. நாளைக்கே மரத்தை எடுத்தரலாம்."

"எடுக்கக் கூடாது" என்றாள் அவள்.

"ஏனுங்க?"

"டிக்ரி அப்படியே இருக்கு. நாம இங்க நின்னு பேசிக்கிட்டது கோர்ட்டுக்குத் தெரியாது. பதிவு பண்ணாத சமரசம் செல்லாது. நாளைக்கு உங்க மகன் அதே டிக்ரியை எடுத்துக்கிட்டு வந்து ரூமை இடிக்கலாம்."

"ஏம் மகனா? அவன் கோர்ட்டுப் பக்கமே போக மாட்டானுங்க. நானே இன்னொருக்கா அந்தப் படி ஏற மாட்டேன்."

"நீங்க ஏற வேண்டாம். நான் மனுப் போடறேன். உங்களுக்குக் கோர்ட்டுல இருந்து நோட்டீஸ் வரும். வாங்கிக்கிட்டு, வக்கீலம்மா மூலமா சம்மதம்னு சொல்லுங்க, போதும்."

"இங்க நிக்கறேன், சம்மதமுங்க!"

"முறைப்படி சொல்லணும் மாமா."

அண்ணன் என்னிடம் திரும்பினார். "ஏந்தம்பி, எப்படித்தான் ஊட்ல காலம் தள்றயோ."

பங்குனியில் அவள் ஓய்வு பெற்றாள். கடைசி வகுப்பில் என்ன நடத்தினாள் என்று கேட்டேன். நிபந்தனை வாசகம் என்றாள். உதாரணத்துக்கு எந்த வழக்கு என்று நான் கேட்கவில்லை.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை, புது வீட்டில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் நின்றது. அமீனா. மோட்டார் ரூம் கதவில் ஒட்டிய அதே ஆள். எங்கள் வீட்டுக்கு இப்போது கதவு இருந்தது. அதைத் தட்டி, அண்ணன் பெயரைச் சொல்லி, பண்ணைக்கு எப்படிப் போவது என்று கேட்டார். நோட்டீஸ் கையில் இருந்தது.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "ஏங்க, கூடப் போய் அடையாளம் காட்டுங்க."

போனேன். அண்ணன் முட்டை அட்டைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அமீனா நோட்டீசைக் கையில் கொடுத்தார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கையெழுத்துப் போட்டார். அமீனா கிளம்பப் பார்த்தார். நான் விடவில்லை. எத்தனையோ வருடம் ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்ட பாடம். தேதி போடுங்க, நேரம் போடுங்க, அடையாளம் காட்டினவன் நான், என் பேரையும் எழுதுங்க என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதினார். அண்ணன் சத்தமாகச் சிரித்தார்.

அமீனாவும் நானும் திரும்பி வந்தபோது அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். புத்தகங்கள் பாதி அடுக்கியபடி.

"ஆள் இருந்தாரா?"

"இருந்தார்."

"கையிலேயே கொடுத்தாரா?"

"கையிலேயே."

"நேரம் போட்டாரா?"

"போட வச்சேன்."

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இத்தனை வருடம் கரும்பலகையில் மட்டும் பார்த்த ஒன்று, முற்றத்தைத் தாண்டி நடந்துபோய் முழுசாக முடிந்து திரும்பி வந்திருந்தது. "சரி" என்றாள். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் வந்து, கிணற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். "அந்த மரத்துல இளநி இருக்கா? வெட்டறதுக்கு முன்னாடி அந்த ஆளுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. வெயில்ல சைக்கிள்ல வந்திருக்கார்."

தொரட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.